சம்பந்தப்பட்டவருக்கு ஓட்டு இல்லை

எங்கள் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே, ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஃப்ரிட்ஜ் நிற்கிறது. கல்யாணமாகி வந்த அன்று அதைப் பார்த்துவிட்டு, விருந்தாளிகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வசதியாக வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அது சமையலறைக் கதவுக்குள் நுழையவில்லை. கடைக்காரர் கொடுத்த படத்தை மட்டும் பார்த்து, குடும்பமே கை தூக்கி ஓட்டுப் போட்டு வாங்கிய ஃப்ரிட்ஜ் அது.

ஆமாம், ஓட்டுதான். என் மாமனார் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே தொழிலாளர் சங்கத்துக்கு வெகுகாலம் தலைவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், தலைவர் பதவியிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டியால் தம்ளரில் ஒரு தட்டுத் தட்டினால் கூட்டம் ஆரம்பம் என்று அர்த்தம். குளியலறைக்கு என்ன வண்ணம் பூசுவது என்பதிலிருந்து எல்லாவற்றையும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், பிறகு கை தூக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் சொல்வார்கள். கோபம் வந்தால் மட்டும் அத்தை, அதாவது என் மாமியார், "தலைவலி" என்பார்.

கூட்டத்துக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. எல்லாம் சங்கத்திலிருந்து வந்தவை. யாரைப் பற்றிய பேச்சோ அவருக்கு ஓட்டு இல்லை, தலைவர் கேட்டால்தான் வாயைத் திறக்கலாம். ஓட்டுப் போடத் தகுதியானவர் ஒருவரும் இல்லாமல் போனால் முடிவு சம்பந்தப்பட்டவர் கைக்கே போய்விடும். இது எப்போதோ ஒருமுறைதான் நடந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, என் வீட்டுக்காரர், அப்போது பள்ளிக்கூடத்துப் பையன், தலைமுடிக்கு ஆரஞ்சு நிறம் அடித்துக்கொண்டார். அந்தப் புகைப்படத்தை எங்கே ஒளித்து வைத்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். ஃப்ரிட்ஜ் வந்த பிறகு இன்னொரு விதியும் சேர்ந்தது. நேரில் பார்க்காத எதற்கும் யாரும் ஓட்டுப் போடக்கூடாது.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகள் அடுத்து என்ன செய்வது என்று கேட்டு வரும் ஆலோசனை அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. வழி கேட்டு வருகிறவர்களைவிட, கூடவே வந்து வழிமறிக்கிறவர்கள்தான் அதிகம். அம்மா பேசுவார், அப்பா பேசுவார், பெரியப்பா போனில் பேசுவார். பிள்ளை பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் மதிப்பெண்ணை அப்புறம்தான் பார்ப்பேன். எந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது யார் கேள்வி கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஆசை இருக்கிற இடத்தில்தான் வாயில் கேள்வி வரும். இத்தனை வருஷத்தில் இந்தக் கணிப்பு அநேகமாகத் தப்பியதில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி சொல்கிற எனக்கு, வீட்டிலேயே ஒரு கேஸ் காத்திருந்தது. என் நாத்தனார். வீட்டில் அவளைக் கடைக்குட்டி என்பார்கள். தேர்வு முடிவு வந்தது. பல்கலைக்கழகத்தில் வேதியியலுக்கு இடம் கிடைத்தது. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றும் வரச் சொன்னது. இரண்டுக்கும் வீட்டார் விண்ணப்பித்திருந்தார்கள். மூன்றாவதற்கு அவளே விண்ணப்பித்திருந்தாள். மருந்துகளையும் மீனையும் கெடாமல் வைத்திருக்கும் பெரிய குளிர்கிடங்கு ஒன்றில், குளிரூட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் அப்ரண்டிஸ் வேலை. வாரத்தில் கொஞ்ச நாள் வகுப்பு, மிச்ச நாள் பட்டறை. அங்கேயும் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வருகிறேன் அல்லது வரவில்லை என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அவளுக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் எங்கள் கூடத்தைப் பார்த்தால் போதும். வீட்டில் எல்லோரும் அந்த ஃப்ரிட்ஜைச் சுற்றிக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டார்கள். அவள் மட்டும் சின்ன வயதிலிருந்தே அதன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வளர்ந்தாள். சூடான இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எப்படிக் குளிர் போகிறது என்று பார்க்க ஒருமுறை பின்மூடியையே கழற்றிவிட்டாள். அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தாராம்.

தேர்வு முடிவு வந்த வாரம் முதல் கூட்டம் கூடியது. தம்ளரில் தட்டு விழுந்தது.

"பொருள், கடைக்குட்டியோட மேல்படிப்பு" என்றார் தலைவர்.

"படிப்புன்னு நீங்களே முடிவு பண்ணிட்டு அப்புறம் என்னப்பா கூட்டம்?" என்றாள் கடைக்குட்டி.

"சம்பந்தப்பட்டவர் குறுக்க பேசக்கூடாது."

அத்தை பல்கலைக்கழகத்தை முன்மொழிந்தார். என் வீட்டுக்காரர் வெளிநாட்டை முன்மொழிந்தார். தலைவர் இரண்டையும் தானே வழிமொழிந்தார். அப்ரண்டிஸ் வேலையை முன்மொழிய ஆளில்லை. ஆச்சரியம் என்னவென்றால், ஊர்த் தொழிலாளிகளுக்கெல்லாம் தொண்டை கிழியப் பேசிய மனிதர்தான் அதற்கு முதல் எதிரி. "கிரீஸ் என் கையோட போகட்டும். என் பிள்ளைங்க கையில வேண்டாம்" என்று எழுந்து நின்றே சொன்னார். அவர் உள்ளங்கையைப் பார்த்தால் புரியும். ரேகைகளெல்லாம் கறுப்பாக இருக்கும். எந்த சோப்புக்கும் போகாது.

ஆக நான்கு ஓட்டு. அத்தை ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், தலைவருக்கு எதுவானாலும் சரி, பட்டறை மட்டும் வேண்டாம். மிச்சம், புது மருமகளின் ஓட்டு. என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு யோசிக்க நேரம் வேணும்" என்றேன். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அப்புறம் எனக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே! மறுநாள் காலையில் நான் சமையலறைக்குப் போனபோது அத்தை என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். "நீ போய் உக்காரும்மா, வேலைக்குப் போற பொண்ணு" என்றார். அதுவரை நான் வேலைக்குப் போவது அவர் கண்ணில் பட்டதே இல்லை. என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"அவ வெளிநாடு போயிட்டா தெருவப் பாத்து ஜன்னல் வச்ச அவ ரூம் நமக்குத்தான்."

"இது லஞ்சம்" என்றேன்.

"லஞ்சம் இல்ல, வாக்குறுதி" என்றார். தலைவரின் மகன் அல்லவா.

அந்த அறை மேல் எனக்கு ஒரு கண் இருந்தது உண்மை. எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர்தான் தெரியும்.

கடைக்குட்டி மட்டும் என்னிடம் ஓட்டுக் கேட்கவில்லை. மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணி, நீங்க எனக்காக அவங்களப் பகைச்சுக்க வேண்டாம். புதுசா வந்திருக்கீங்க. ஆனா ஒண்ணு, உங்க ஆபீஸ்ல யாராவது பொண்ணு வந்து, எனக்கு இது பிடிச்சிருக்கு, ஆனா என்னைத் தவிர எல்லாருக்கும் ஓட்டு இருக்குன்னு சொன்னா, நீங்க என்ன சொல்வீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு ஈரத் துணியை மூன்று தடவை உதறினேன். பிறத்தியார் பெற்றோரிடமெல்லாம் வெடுக்கென்று பேசிவிட்டு, சொந்த வீட்டில் வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிற என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது. அன்று சாயங்காலமே நான் கரண்டியை எடுத்துத் தம்ளரில் தட்டினேன். அந்த வீட்டில் தலைவர் தவிர வேறு யாரும் அதைச் செய்ததில்லை. அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தலைவர் அவர்களே, ஒரு சட்டப் பிரச்சினை" என்றேன். "நேர்ல பாக்காததுக்கு ஓட்டு இல்லன்னு விதி இருக்கு. பல்கலைக்கழகத்த யார் பாத்தீங்க? வெளிநாட்டுப் படிப்பப் பத்தி யார் போய் விசாரிச்சீங்க? பட்டறைய யார் பாத்தீங்க?"

தலைவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். நாங்கள் எல்லோருமே ஃப்ரிட்ஜைப் பார்த்தோம். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

"மருமக சொல்றது செல்லும்" என்றார் அவர், வேறு வழியில்லாமல்.

முதலில் பல்கலைக்கழகம். புது மாணவர்களுக்காகத் திறந்து வைத்திருந்த நாள். படிப்படியாக உயர்ந்துபோகும் இருக்கைகள், சுவரை அடைத்த கரும்பலகை, ஆய்வகத்தில் வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள். அத்தை மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை ஒரு வரி விடாமல் படிக்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான் என்று நினைக்கிறேன். பத்தாவதோடு அவர் படிப்பு நின்றுபோனது. பேராசிரியர் பேசி முடித்ததும் கடைக்குட்டி மரியாதையாக நன்றி சொன்னாள். அத்தைதான் கையை உயர்த்தினார்.

"சார், ஒரே மாத்திரை ஒருத்தருக்குத் தூக்கம் வருது, இன்னொருத்தருக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. ஏன் சார்?"

பேராசிரியர் உற்சாகமாகிவிட்டார். பலகையில் படம் போட்டு விளக்கினார். அத்தை அதோடு விடவில்லை. அந்த மாத்திரையைப் பாதியாக உடைத்தால் என்ன ஆகும், காலாவதியான மருந்தில் என்ன மாறுகிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். கூட வந்த பிள்ளைகளெல்லாம் குறிப்பெடுத்தார்கள். வெளியே வந்தபோது அத்தையின் முகத்தில் அப்படி ஒரு ஒளி. கல்யாண ஆல்பத்தில்கூட அவர் அப்படி இல்லை. கடைக்குட்டி படிக்கட்டில் உட்கார்ந்து, ஏசி எந்திரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் நிறுவனம். மெத்தென்ற நாற்காலி, சுவரெல்லாம் பனி பெய்த கட்டடங்கள். கையெழுத்துப் போட வைத்துவிட வேண்டும் என்ற அவசரமெல்லாம் அந்தப் பெண்மணிக்கு இல்லை. நல்லது கெட்டது இரண்டையும் நேர்மையாகவே சொன்னார். நானே பல பிள்ளைகளை அவரிடம் அனுப்பியிருக்கிறேன், போனவர்கள் நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் அன்று கேள்வி கேட்டது யார்? என் வீட்டுக்காரர்தான். அவருக்குப் பார்சல் அலுவலகத்தில் வேலை. உலகத்து ஊர்களின் பெயரெல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போகும், அவர் மட்டும் எங்கும் போனதில்லை.

"அங்க எத்தனை மணிக்கு விடியும்? ட்ரெயின்ல ஜன்னல் திறக்குமா? ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரையில நடக்க விடுவாங்களா?"

"மாணவர் யாருங்க?" என்று அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே கேட்டார். கடைக்குட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு ஆசையை எங்கே மடித்து வைத்திருந்தார் என்று இருந்தது.

கடைசியாகக் குளிர்கிடங்கு. வாசலிலேயே ஆளுக்கொரு கனமான கோட்டுக் கொடுத்தார்கள். அத்தைக்கு அது முழங்காலுக்குக் கீழே போனது. சுவரளவு தடிமனான கதவு திறந்ததும் எல்லோர் வாயிலிருந்தும் புகை வந்தது. கடைக்குட்டிக்குக் கோட்டுப் போட்டுக்கொள்ளவே பொறுமை இல்லை.

"இந்தக் கதவு உள்ள இருந்து திறக்குமா?"

"திறக்கும்" என்றார் பயிற்சி கொடுக்கும் அம்மா. "வர்றவங்களுக்கு நாங்க முதல்ல காட்டுறதே அதத்தான்." உள்பக்கக் கைப்பிடியை அழுத்திக் காட்டினார்.

"கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்? மருந்து இருக்கிற ரூமுக்கும் மீன் இருக்கிற ரூமுக்கும் ஒரே மெஷினா? வாயு கசிஞ்சா எப்படித் தெரியும்? முதல் வருஷத்துல பைப் ஒட்ட விடுவீங்களா, இல்ல டீ வாங்கிட்டு வரச் சொல்வீங்களா?"

பயிற்சி அம்மா கடகடவென்று சிரித்தார். "டீ மெஷின் இருக்கு. நீ பைப்ப ஒட்டு" என்றார். பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒட்டிய செப்புக் குழாயில் சோப்பு நுரை தடவச் சொன்னார். ஓர் இடத்தில் சின்னதாக ஒரு குமிழி எழுந்தது. "இங்க கசியுது!" என்று கடைக்குட்டி கத்தியதில் அக்கம்பக்கத்து மேசைகளில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். மேலே படிக்க நினைத்தால் பயிற்சி முடித்துப் பல்கலைக்கழகம் போகலாமா என்று நான் என் பங்குக்குக் கேட்டேன். போகலாம், போனவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

தலைவர் மட்டும் வாசல் பக்கமாகவே நின்றார். சுற்றிலும் ஸ்பேனரும் எண்ணெய் மணமும். ஆனால் அவர் எதையும் தொடவில்லை. இரண்டு கையையும் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம் கூடியது. மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். கடைக்குட்டி எதிரே உட்கார்ந்து மேசை விரிப்பின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எல்லாத்தையும் பாத்தாச்சு. ஓட்டுக்கு விடறேன்" என்றார் தலைவர்.

"தலைவர் அவர்களே, ஓட்டுக்கு முன்னாடி ஒரு ஆட்சேபம்" என்றேன். எனக்குக் கல்யாணமாகி வந்து இன்னும் பாத்திரங்கள் இருக்குமிடமே சரியாகத் தெரியாது. "சம்பந்தப்பட்டவருக்கு ஓட்டு இல்லதானே?"

"இல்ல."

"அப்ப அத்தைக்கு ஓட்டு இல்ல. பல்கலைக்கழகத்துல கடைக்குட்டி ஒரு கேள்வி கேட்டாளா? எல்லாம் அத்தை கேட்டதுதான். படிக்க ஆசை அத்தைக்கு."

அத்தை காதுமடல் வரை சிவந்துபோனார்.

"உங்க பிள்ளைக்கும் ஓட்டு இல்ல. வெளிநாட்டுல எத்தனை மணிக்கு விடியும்ங்கிறது வரைக்கும் கேட்டவர் அவர்தான். போக ஆசை அவருக்கு."

"ஏய், நீ யார் பக்கம்?" என்றார் என் வீட்டுக்காரர். குரலில் கோபத்தைவிட, பிடிபட்டுவிட்ட கூச்சம்தான் அதிகம் இருந்தது.

"எனக்கும் ஓட்டு இல்ல. அவ வெளிநாடு போனா அந்த ஜன்னல் ரூம் எனக்குன்னு பேரம் நடந்திருக்கு. ரெண்டு நாள் அங்க என்ன கலர் திரைச்சீலை போடறதுன்னு வேற யோசிச்சுட்டேன்."

கடைக்குட்டி முதல்முறையாகச் சிரித்தாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். மிச்சம் இருப்பது ஒரே ஓட்டு. அது யாருடையது, எந்தப் பக்கம் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாமனாரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவரும் கரண்டியை உருட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப என் ஓட்டு ஒண்ணுதான் பாக்கி" என்றார் மெதுவாக. "சம்பந்தப்பட்டவர் ஏதாவது பேசணும்னா பேசலாம்."

கடைக்குட்டி எழுந்தாள். அழுது கெஞ்சப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கெஞ்சவில்லை.

"தலைவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி. பட்டறைக்குள்ள வந்ததுல இருந்து நீங்க ஏம்ப்பா கையை வெளிய எடுக்கவே இல்ல?"

தலைவர் கரண்டியைக் கீழே வைத்தார். கைகள் இரண்டையும் மேசைமேல் வைத்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அந்த அம்மா பாத்தா, இவரோட பொண்ணான்னு உன்னை மட்டமா நினைச்சிருவாங்களோன்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "என்ன பைத்தியக்காரத்தனம். அங்க இருந்த எல்லார் கையும் இப்படித்தான் இருந்துது."

"உங்க கை எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் கடைக்குட்டி. "எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு. உங்களுக்காகவும் இல்ல, உங்களுக்கு எதிராவும் இல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு."

தலைவர் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். சங்கக் கூட்டங்களில் அவர் எப்படி இருந்திருப்பார் என்பதை அப்போதுதான் நான் பார்த்தேன்.

"தலைவருடைய ஓட்டும் செல்லாது" என்றார். "நான் பேசினது அவளைப் பத்தி இல்ல, என் கையப் பத்தி. நானும் சம்பந்தப்பட்டவன்தான். ஓட்டுப் போடத் தகுதியானவங்க யாரும் இல்லாததால, விதிப்படி முடிவு கடைக்குட்டிகிட்டயே போகுது."

"ஆரஞ்சு முடி விதி!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

"அமைதி! அமைதி!" தம்ளர் கணீரென்றது. "குளிர்கிடங்குல அப்ரண்டிஸா சேர்றதுக்கு ஆதரவா இருக்கிறவங்க கை தூக்கலாம்."

கடைக்குட்டி கையைத் தூக்கினாள். பிறந்ததிலிருந்து தன் விஷயத்தில் அவள் தூக்கிய முதல் கை. விளக்கையே தொட்டுவிடுவாள் போல அவ்வளவு உயரத்தில் இருந்தது.

தலைவர் ஒரு குறையும் வைக்கவில்லை. விரலை நீட்டி எண்ணினார். "ஒண்ணு. எதிர்ப்பு? இல்ல. நடுநிலை? இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது!"

கடைக்குட்டி போட்ட கூச்சலில் ஃப்ரிட்ஜ் மேலிருந்த பூச்சாடி உருண்டது. நான் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அழுகையும் சிரிப்புமாக எனக்கு மூச்சு வாங்கியது. என் வேலையில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கைகுலுக்கி வழியனுப்பியிருக்கிறேன். இப்படி ஒரு வெற்றியை நான் கண்டதில்லை. திரும்பிப் பார்த்தால், அத்தை உட்கார்ந்த இடத்திலேயே கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

"ஓட்டெடுப்பு முடிஞ்சிருச்சு. கையை இறக்கு" என்றார் தலைவர்.

"செல்லாத கைதானே. இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அத்தை. "அடுத்த கூட்டத்துல நான் ஒரு பொருள் கொண்டு வருவேன். பல்கலைக்கழகத்துல சாயங்கால வகுப்பு இருக்காம், அன்னிக்கே கேட்டு வச்சிருக்கேன்."

என் வீட்டுக்காரரும் கையைத் தூக்கினார். நான் அவர் பக்கத்தில் போய் நின்று என் கையையும் தூக்கினேன். தலைவர் எங்கள் ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்தார். கரண்டியை எடுத்தார், தட்டாமலே வைத்தார். பிறகு அவரும் தன் வலது கையைத் தூக்கினார். ரேகைகளெல்லாம் கறுப்பாகத் தெரிய, உள்ளங்கையை மகளுக்கு நேரே நன்றாக விரித்துக் காட்டினார். நாங்கள் எல்லோரும் இறக்கிய பிறகும் அவர் அந்தக் கையை இறக்கவில்லை.